மாத்திரைக்கும் ஒரு கடிகாரம் உண்டு

எங்கள் திருமானூர் போன்ற சிற்றூர்க் கடைத்தெருவில் இரவு ஒன்பது மணிக்கு மேல் விளக்கெரியும் கடைகள் சிலவே. மருந்துக் கடை அவற்றில் ஒன்று. தலைவலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் மாத்திரை கேட்பவர்கள் நடுவே ஒருவர் சற்று ஒதுங்கி நிற்பார். மற்றவர்கள் போன பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ராத்திரி ஆனா தூக்கமே புடிக்கல. லேசா ஏதாச்சும் ஒரு மாத்திரை குடுங்களேன்" என்பார். மருத்துவர் சீட்டு அவரிடம் இராது. சில கடைக்காரர்கள் மறுத்துவிடுவார்கள். சிலர் சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சிறு மாத்திரையில் நான்கை அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுப்பார்கள். வாங்கியவர் பத்து மணிக்கு ஒன்றை விழுங்கிப் படுக்கிறார். உறங்கியும் விடுகிறார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கொள்ளிடப் பாலத்தைக் கடந்து தஞ்சாவூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறார்.

பாலத்தின் மேல் அவர் போகும் அந்த நேரத்தில், இரவு விழுங்கிய மாத்திரையில் எவ்வளவு இன்னும் அவர் உடலில் இருக்கிறது?

இதைக் கணக்கிடத் தேவையான பாடம் மருத்துவக் கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. மேல்நிலைப் பள்ளி இயற்பியலில், கதிரியக்கப் பகுதியில் இருக்கிறது. அதனால்தான் இயற்பியல் ஆசிரியன் ஒருவன் மருந்துக் கடைப் பக்கம் தலைகாட்டத் துணிகிறேன்.

அரை ஆயுளின் கணக்கு

அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுட்காலம் 8 நாள். இன்று 100 பங்கு இருந்தால் 8 நாளில் 50 பங்கு, 16 நாளில் 25 பங்கு, 24 நாளில் பன்னிரண்டரைப் பங்கு என்று பாதி பாதியாகக் குறையும். இதோ முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சுட்டிக் காட்டக்கூடிய நாள் ஒன்று இதில் கிடையாது.

நாம் விழுங்கும் மருந்துகளில் பெரும்பாலானவையும் ஏறக்குறைய இவ்வாறே குறைகின்றன. காரணம் மட்டும் வேறு. கல்லீரலில் உள்ள நொதிகள் மருந்து மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. ஒரு மணி நேரத்தில் வெளியேறும் அளவு, அப்போது உடலில் இருக்கும் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. நேர்விகிதம் என்றதுமே அரை ஆயுட்காலம் வந்துவிடும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அயோடின் அணுவைச் சூடாக்கினாலும் குளிர வைத்தாலும் அதன் அரை ஆயுள் மாறாது. மருந்தின் அரை ஆயுளோ ஆளுக்கு ஆள் மாறும், முதுமையில் நீளும், கல்லீரல் பழுதுபட்டவரிடம் இன்னும் நீளும், உடன் உட்கொள்ளும் வேறு மருந்தாலும் மாறும். எனவே இங்கே தரும் எண்கள் சராசரி எண்களே.

கடைக்காரர் கத்தரித்துக் கொடுத்த சளி மாத்திரைக்கு வருவோம். சுருக்கமாக சி.பி.எம். என்று நம் ஊர்களில் வழங்கும் குளோர்பெனிரமின் மருந்தின் அரை ஆயுட்காலம் சுமார் 20 மணி. இரவு 10 மணிக்கு 4 மில்லிகிராம் உட்கொண்டவர் உடலில் 9 மணி நேரம் கழித்து, காலை 7 மணிக்கு, ஏறத்தாழ 2.9 மில்லிகிராம் இருக்கிறது. முக்கால் பங்குக்குச் சற்றே குறைவு! உறங்குவதற்காக விழுங்கிய மாத்திரையில் கால் பங்குதான் இரவில் செலவாயிற்று. மீதி முக்கால் பங்குடன் அவர் பாலத்தின் மேல் வண்டி ஓட்டுகிறார்.

அமெரிக்காவில் சீட்டில்லாமல் விற்கும் தூக்க மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது டைபென்ஹைட்ரமின் அல்லது டாக்சிலமின். டைபென்ஹைட்ரமின் நம் நாட்டில் இருமல் மருந்தாகப் பழக்கமானது. இதன் அரை ஆயுள் நடுவயதினரிடம் சுமார் 9 மணி. இரவு 10 மணிக்கு 50 மில்லிகிராம் எடுத்தவரிடம் காலை 7 மணிக்கு 25 மில்லிகிராம் உள்ளது. ஒவ்வாமைக்காகப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் ஒரு வேளை அளவும் 25 மில்லிகிராம்தான். முதியவர்களிடம் அரை ஆயுள் 13 மணியையும் தாண்டிவிடுவதால், அவர்கள் உடலில் முற்பகல் பதினொரு மணிக்கும் பாதிக்கு மேல் தங்கியிருக்கும்.

உடலில் உள்ள அளவும் மயக்கத்தின் அளவும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆனால் "காலையில் எழுந்துவிட்டேன், மருந்தும் போய்விட்டது" என்று நினைப்பது தவறு என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

பக்க விளைவை விற்கிறார்கள்

அரிப்பு மாத்திரைக்கும் உறக்கத்துக்கும் என்ன தொடர்பு? ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் தோலில் சுரந்தால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். மூக்கில் சுரந்தால் நீர் ஒழுகும். அதே ஹிஸ்டமின் மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறு நரம்புத் திரளில் சுரந்து நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. 1940களில் வந்த பழைய ஒவ்வாமை மருந்துகள் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைக் கடந்து சென்று இந்த விழிப்புச் செய்தியையும் அடைத்துவிட்டன. அரிப்பு நின்றது, கூடவே ஆளும் சாய்ந்தார். ஒவ்வாமைக்காரருக்கு இது தொல்லை. தூக்கம் வராதவருக்கு இதுவே மருந்து ஆயிற்று!

இந்த மயக்கம் நிலைப்பதில்லை. டைபென்ஹைட்ரமினை நாள்தோறும் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், நான்காம் நாளுக்குள் அது வெற்று மாத்திரையைப் போல ஆகிவிட்டது. மயக்கம் தேய்ந்தாலும் மற்ற விளைவுகள் உடன் தேயும் என்று சொல்ல முடியாது. இம்மருந்துகள் ஹிஸ்டமினோடு அசெட்டைல்கோலின் என்ற இன்னொரு நரம்புச் செய்திப் பொருளையும் தடுக்கின்றன. வாய் உலர்கிறது, மலம் கட்டுகிறது. புராஸ்டேட் சுரப்பி வீங்கிய முதியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்கிறது. நள்ளிரவில் எழுந்து கொல்லைப்புறம் போகும் பாட்டிக்கு மனக்குழப்பமும் தள்ளாட்டமும் உண்டாகி இடுப்பெலும்பு முறிகிறது. "லேசான மாத்திரை" என்று கேட்டு வாங்குவது இதைத்தான்.

நேற்றைய பாக்கி

இனி, சீட்டு இருந்தால் மட்டுமே விற்கவேண்டிய மாத்திரைகளைப் பார்ப்போம். டையாசிபாம், நைட்ராசிபாம், அல்பிரசோலம் ஆகியவை பென்சோடையசபின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற பொருளின் செயலை இவை மிகுதிப்படுத்துகின்றன. உறக்கம் விரைவில் வருகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இயற்கையான ஆழ்ந்த உறக்கத்தில் மூளையின் மின்னலைகள் நொடிக்கு நான்குக்கும் குறைவாக, மெதுவாக, உயரமாக எழுந்து விழும். இம்மருந்துகள் அந்த மெதுவான அலைகளைக் குறைத்துவிடுகின்றன.

இவற்றுள் நைட்ராசிபாமின் அரை ஆயுள் ஒரு நாளை ஒட்டியது. கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டுச் சரியாக 24 மணி என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் இரவு ஒரு மாத்திரை. மறுநாள் இரவு அதில் அரை மாத்திரை மிச்சம், அதன்மேல் புதிதாக ஒன்று, ஆக ஒன்றரை. மூன்றாம் இரவு முக்கால் மிச்சத்தோடு ஒன்று சேர்ந்து ஒன்றே முக்கால். இப்படியே போனால் ஒரு வாரத்தில் இரண்டு மாத்திரை அளவை நெருங்கி அங்கே நிற்கும். மாணவர்கள் இதைப் பெருக்குத் தொடராக எழுதிப் பார்க்கலாம்: ஒன்று, அரை, கால், அரைக்கால் எனக் கூட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் எல்லை 2.

நண்பகல் 12 மணிக்கு என்ன நிலை? இரவு 10 மணியிலிருந்து 14 மணி நேரம் ஆகியுள்ளது. இரண்டு மாத்திரை அளவு ஒன்றே கால் அளவுக்குச் சற்று மேலாகக் குறைந்திருக்கும். நாள்தோறும் இரவில் ஒரே ஒரு மாத்திரை போடுகிறவர், பட்டப்பகலில் ஒரு மாத்திரைக்கும் அதிகமான மருந்தோடு நடமாடுகிறார் என்பது இதன் பொருள்.

டையாசிபாமின் கதை இன்னும் சுவையானது. கதிரியக்கத்தில் தாய்க்கரு சிதைந்து பிறக்கும் சேய்க்கருவும் கதிரியக்கம் உடையதாக இருப்பதுண்டு அல்லவா? அதுபோல, டையாசிபாம் சிதைந்து உண்டாகும் பொருளும் மயக்கம் தரக்கூடியது. அதன் அரை ஆயுள் 100 மணி வரை போகும். தாய் போனாலும் சேய் இருந்து வேலை செய்கிறது.

குறுகிய அரை ஆயுள் உள்ள மருந்தாகப் பார்த்துத் தேர்ந்தால் போதாதா? அப்படித் தேடி வந்ததுதான் சால்பிடம். அரை ஆயுள் இரண்டரை மணி அளவே. இதிலும் ஒரு பாடம் காத்திருந்தது. 10 மில்லிகிராம் உட்கொண்ட பெண்களுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேரிடம், 8 மணி நேரம் கழித்தும், வண்டி ஓட்டுவதைக் கெடுக்கும் அளவு மருந்து இரத்தத்தில் இருந்தது. ஆண்களிடம் நூற்றுக்கு மூவர். 2013 ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பெண்களுக்கான அளவைப் பாதியாக்கியது. இந்த மருந்து விற்பனைக்கு வந்து அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வளவு இடர்ப்பாட்டுக்கும் கிடைக்கும் பலன் என்ன? சால்பிடம் வகை மருந்துகளைப் பற்றி 2012 இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மருந்து எடுத்தவர்கள் சராசரியாக 22 நிமிடம் முன்னதாக உறங்கினர் என்று கண்டது. இருபத்திரண்டு நிமிடம் சிலருக்குப் பெரிதாகவே இருக்கலாம். ஆனால் மாத்திரை போட்டவர் தம் அனுபவத்தில் இரண்டு மணி நேரம் மிச்சமானதாகச் சொன்னால், அதில் பெரும்பகுதி மாத்திரையின் மேல் வைத்த நம்பிக்கையின் வேலை என்று கொள்ளவேண்டும்.

மாத்திரையை நிறுத்தும் இரவில்தான் உண்மையான வலை விரிகிறது. சில வாரம் பழகிய மூளை, மருந்து இல்லாத இரவில் முன்னைவிட மோசமாக விழித்துக் கிடக்கிறது. அந்த ஓர் இரவைக் கண்டு, "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது" என்று முடிவுகட்டி, மறுநாள் மீண்டும் கடைக்குப் போகிறார்கள். மருந்து உண்டாக்கிய விழிப்பை நோயின் விழிப்பு என்று தவறாகப் படிக்கிறார்கள். சோதனையில் கருவியே உண்டாக்கிய பிழையை அளவீடு என்று எழுதி வரும் மாணவரிடம் நாம் என்ன சொல்வோமோ அதையே இவர்களிடமும் சொல்லவேண்டும்.

சீட்டில்லாமல் விற்றவற்றின் வரலாறு

சீட்டில்லாமல் கிடைக்கிறது என்றால் தீங்கற்றது என்று பொருளாகாது. இதற்கு உலகம் கொடுத்த விலை மிகப் பெரிது. 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் ஒரு புதிய தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. எலிகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் சாகவில்லை; ஆகவே முற்றிலும் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். சீட்டு வேண்டியதில்லை. கருவுற்ற பெண்களும் உறக்கத்துக்கும் காலைக் குமட்டலுக்கும் வாங்கி உண்டார்கள். அதுதான் தாலிடமைடு. கைகால் வளராமல் பிறந்த குழந்தைகள் பல நாடுகளிலுமாக ஏறத்தாழ 10,000 பேர். 1961 நவம்பரில் ஜெர்மன் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அம்மையார், போதிய சான்று இல்லை என்று சொல்லி அனுமதி தராமல் மறுத்ததால் அந்நாட்டுக் குழந்தைகள் பெரும்பாலும் தப்பினர்.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. 1951 இல் இந்திர கிஷோர் கக்கர், சையத் ஹுசேன் ஜாகீர் என்ற இரு இந்திய வேதியியலார் மெத்தகுவலோன் என்ற பொருளை முதன்முதலில் தொகுத்தனர். பின்னர் அதன் உறக்கமூட்டும் தன்மை தெரியவந்தது. 1965 இல் பிரிட்டனில் அது டைபென்ஹைட்ரமினோடு சேர்ந்து மாண்டிராக்ஸ் என்ற பெயரில் கடைக்கு வந்தது. பழைய பார்பிச்சுரேட்டுகளைப் போல அடிமைப்படுத்தாது என்றார்கள். சில ஆண்டுகளிலேயே அது போதைப்பொருள் ஆகிவிட்டது. நாடுகள் ஒவ்வொன்றாகத் தடை செய்தன. 2016 இல் ராஜஸ்தானில் உதய்ப்பூரில் வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் 20 டன்னுக்கு மேல் இம்மாத்திரையைக் கைப்பற்றினார்கள். உறக்கத்துக்காகப் பிறந்த மருந்தின் கதி இது.

நம் சட்டம் எழுத்தளவில் கடுமையானது. டையாசிபாம், நைட்ராசிபாம், அல்பிரசோலம், சால்பிடம் முதலியவற்றை 2013 இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 பட்டியலில் சேர்த்துள்ளார்கள். கடைக்காரர் தனிப் பதிவேட்டில் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் கொடுத்த அளவையும் எழுதி மூன்றாண்டு வைத்திருக்கவேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். ஆனால் "சீட்டில்லாமல் விற்கலாம்" என்ற தனி வகைக்கு நம் சட்டத்தில் நெடுங்காலம் வரையறையே இல்லாமல் இருந்துவந்திருக்கிறது. சளி மாத்திரை அந்த மங்கலான வெளியில்தான் கைமாறுகிறது. கடைக்காரரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. கேட்பவர் இல்லாமல் கத்தரிக்கோல் அசைவதில்லை.

இருளின் செய்தி

அண்மைக் காலத்தில் நகரங்களிலும் இணைய வணிகத்திலும் பரவும் பெயர் மெலடோனின். மாத்திரையாகவும், குழந்தைகள் விரும்பும் பழ மிட்டாய் வடிவிலும் வருகிறது. 1958 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர் மாட்டின் பினியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். தோலின் நிறமாற்றத்துக்கு மருந்து தேடப்போனவர் கையில் உறக்கத்தின் இயக்குநீர் அகப்பட்டது.

மெலடோனின் ஆளைச் சாய்க்கும் பொருளன்று. "இருட்டிவிட்டது" என்று உடலுக்கு அறிவிக்கும் தண்டோரா அது. அதன் அரை ஆயுள் முக்கால் மணி நேரம்தான். எட்டு மணி நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அந்த வகையில் நல்லதே. விமானத்தில் கண்டம் விட்டுக் கண்டம் போய் நேரம் மாறியவர்களுக்கு உதவுகிறது. சாதாரணத் தூக்கமின்மைக்கோ, 2013 இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, உறக்கம் வருவதைச் சராசரியாக 7 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவருகிறது. ஏழு நிமிடம்!

அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி இது உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுகிறது. பிரிட்டனில் மருத்துவர் சீட்டு வேண்டும். உணவுப் பொருளாக விற்பதன் விளைவை 2023 இல் ஓர் ஆய்வு காட்டியது. அங்கு வாங்கிய 25 வகை மெலடோனின் மிட்டாய்களில் 22 வகைகளில் உறையில் சொன்ன அளவு இல்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. மற்றவற்றில் சொன்ன அளவில் முக்கால் பங்கிலிருந்து மூன்றரை மடங்கு வரை இருந்தது. அங்கு நச்சு முறிவு மையங்களுக்கு வந்த, குழந்தைகள் மெலடோனின் தின்ற செய்திகள் 2012 இல் 8,337. 2021 இல் 52,563. மிட்டாய் என்று நினைத்த குழந்தையைக் குறை சொல்ல முடியுமா?

நாட்டு மருந்துகள் பற்றி ஒரு வார்த்தை. சாதிக்காயைச் சிட்டிகையாகப் பாலில் இழைத்துக் கொடுப்பது வேறு. முழுக் காயை அரைத்துக் குடிப்பது வேறு. பின்னது நெஞ்சுப் படபடப்பையும் மனப்பிறழ்ச்சியையும் உண்டாக்கும். அமுக்கராவால் உறக்கம் சற்று மேம்படுவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அதன் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

தூக்கம் ஏன் வரவில்லை?

1982 இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் போர்பெலி ஓர் எளிய விளக்கம் தந்தார். உறக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. ஒன்று, விழித்திருக்க விழித்திருக்க ஏறும் அழுத்தம். அணையில் நீர் ஏறுவது போல இது ஏறுகிறது, உறங்கும்போது வடிகிறது. பகலில் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டால் மதகைத் திறந்துவிட்டதாக அர்த்தம். இரவில் அழுத்தம் போதாது. இதில் பங்குகொள்ளும் அடினோசின் என்ற பொருளை அடைத்துத்தான் காப்பியும் தேநீரும் நம்மை விழிக்கவைக்கின்றன. மற்றொன்று, ஏறத்தாழ 24 மணிக்கு ஒரு சுற்று வரும் உடல் கடிகாரம். இதைத் திருப்பி வைக்கும் சாவி வெளிச்சம். மாத்திரை இவ்விரண்டையும் சரிசெய்வதில்லை.

அரியலூர் மாவட்டத்தில் இது வெறும் கோட்பாடு அன்று. சுண்ணாம்புக்கல் நிறைந்த பூமி. சிமெண்ட் ஆலைகள் பல. சிமெண்ட் சூளை 1,450 பாகை செல்சியஸ் அளவில் எரிவது. மாலையில் அணைத்துக் காலையில் மூட்ட முடியாது. ஆகவே முறை வைத்து இரவிலும் வேலை. சுண்ணாம்புக்கல் லாரிகளும் இரவில் ஓடுகின்றன. இரவு வேலை முடித்துக் காலையில் வீடு திரும்புபவர் கண்ணில் விழும் வெளிச்சம் எவ்வளவு? நேர்வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை. குழல்விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ். முழு நிலவில் கால் லக்ஸ்தான். கண்ணின் விழித்திரையில் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் அணுக்கள் சில உண்டு. அவற்றின் ஒளி உணர்பொருளான மெலனோப்சின் 1998 இல் கண்டறியப்பட்டது. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளியே அதை மிகுதியாகத் தூண்டும். காலைச் சூரியன் இந்தத் தொழிலாளியிடம் "பகல் தொடங்கிவிட்டது" என்று உரக்கச் சொல்லும்போது, மாத்திரை "தூங்கு" என்கிறது. இரண்டும் இழுபறி. சன்னலுக்குக் கனத்த போர்வையைக் கட்டி அறையை இருட்டாக்குவது, பிள்ளைகளை அந்த நேரம் திண்ணைக்கு அனுப்புவது, கடைசித் தேநீரை வேலை முடிவதற்குப் பல மணி முன்னரே நிறுத்துவது ஆகியவற்றைச் செய்துபார்க்காமல் மாத்திரைக்குப் போவது வீண்.

லாரி ஓட்டுநர் பற்றித் தனியே சொல்லவேண்டும். அவர் பகலில் உறங்க மாத்திரை போட்டால், அதன் மிச்சத்தோடுதான் இரவில் இருக்கையில் ஏறுகிறார். மேலே போட்ட கணக்கு அவருக்கு எண் விளையாட்டு அன்று.

அடுத்தது வெப்பம். உறங்கப்போகும் உடல் தன் உள் வெப்பநிலையை ஏறத்தாழ ஒரு பாகை இறக்கிக்கொள்கிறது. கைகால்களின் இரத்தக் குழாய்கள் விரிந்து வெப்பத்தைத் தோல் வழியே வெளியே விடுகின்றன. பாதம் வெதுவெதுப்பாக உள்ளவர்கள் விரைவில் உறங்குகிறார்கள் என்று 1999 இல் பாசல் நகர ஆய்வாளர்கள் கண்டனர். 60 கிலோ எடையுள்ள உடல் ஒரு பாகை குறைய, வழக்கமாக வெளிவிடும் வெப்பத்துக்கு மேல் சுமார் 210 கிலோஜூல் வெளியேறவேண்டும். ஐந்து மணி நேரத்துக்குப் பரப்பினால் 12 வாட்; சிறிய அளவுதான். ஆனால் சித்திரை மாத இரவில், நாளெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரையின் கீழ், அறையின் வெப்பம் 34 பாகையில் நிற்கும்போது, தோலின் வெப்பமும் கிட்டத்தட்ட அதுவே. வெப்பநிலை வேறுபாடு இல்லையேல் வெப்பம் பாயாது. வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. அதற்கும் காற்றோட்டம் வேண்டும்.

கூரையைக் குளிர்விக்க முடியுமா? 20 சதுரமீட்டர் பரப்பும் 12 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள கான்கிரீட் தளத்தின் எடை சுமார் ஐயாயிரத்து எழுநூறு கிலோ. அதை ஒரு பாகை குறைக்க 5 மெகாஜூல் எடுக்கவேண்டும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வேண்டும். பத்து லிட்டர் வாளி ஒன்றைச் சாயங்காலம் தளத்தின் மேல் தெளித்தால், முழு வெப்பமும் தளத்திலிருந்தே எடுக்கப்பட்டால், நான்கரைப் பாகைக்கு மேல் குறையவேண்டும். ஒரு பகுதி வெப்பம் காற்றிலிருந்து வருவதால் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி தண்ணீருக்கு இரண்டு பாகை! மொட்டை மாடியில் பாய் விரித்தவர்களும், கோடையில் கொள்ளிட மணலில் துண்டை விரித்துப் படுத்தவர்களும், திறந்த வானத்துக்கு வெப்பத்தைக் கதிர்வீச்சாக அனுப்பிவிட்டு நன்றாகவே உறங்கினார்கள்.

எல்லாத் தூக்கமின்மையும் வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும் வருவதில்லை. இரவில் நான்கைந்து முறை சிறுநீருக்கு எழுபவர் தூக்க மாத்திரை கேட்கும் முன் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்கவேண்டும். உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுபவருக்குத் தூக்க மாத்திரையே ஆபத்து. மூச்சுத் தடையை அது மிகுதிப்படுத்தக்கூடும். மதுவோடு சேர்த்தால் மூச்சு நின்றுபோகவும் கூடும். அதிகாலை மூன்று மணிக்கே விழித்து மனம் கனத்துக் கிடப்பவருக்கு வேண்டியது மனநல மருத்துவர்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அன்று என்று அமெரிக்க மருத்துவர் கழகம் 2016 இல் அறிவித்தது. அது பரிந்துரைக்கும் பயிற்சியில் ஒரு விதி கேட்பதற்கு விந்தையாக இருக்கும்: தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடவேண்டும்! 1972 இல் ரிச்சர்டு பூட்சின் வகுத்த முறை இது. படுக்கையில் புரண்டு கிடக்கக் கிடக்க, படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிவிடுகிறது. இருபது நிமிடம் போல ஆகியும் உறக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் செருகும்போது மட்டும் திரும்பவேண்டும். காலையில் எழும் நேரம் மட்டும் எந்த நாளும் மாறக்கூடாது. இன்னொரு விதி, ஐந்து மணி நேரமே உறங்குபவர் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடக்கக்கூடாது என்பது. படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போட்டு அழுத்தத்தை ஏறவிடுகிறார்கள். முதல் வாரம் கடினம். பகலில் சோர்வு இருக்கும். வண்டி ஓட்டுபவர்கள் இதை மருத்துவர் துணையின்றி செய்யலாகாது. சில வாரத்தில் வரும் பலன் பயிற்சி முடிந்த பின்னும் நிலைக்கிறது.

இதைப் படித்துவிட்டு, பல மாதமாக அல்பிரசோலமோ நைட்ராசிபாமோ உண்பவர் எவரேனும் இன்றிரவே அட்டையைத் தூக்கி எறிய நினைத்தால், அது கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சென்று, வாரக்கணக்கில், சிறிது சிறிதாக அளவைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் இரண்டொரு இரவு உறக்கம் கெடலாம். சில நாளில் அது அடங்கிவிடும்.